மூன்று மாதமாகப் பேசாத சிறுமி

கேள்வி: திருப்பூர் மாவட்டத்தில் அரசுத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இரண்டாம் வகுப்பு எடுக்கிறேன். 26 பிள்ளைகளில் நான்கு பேர் பீகாரிலிருந்து வந்தவர்கள். பெற்றோர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார்கள். ஜூனில் சேர்ந்த ஏழு வயதுச் சிறுமி இன்றுவரை வகுப்பில் வாய் திறக்கவில்லை. ஊரில் ஒன்றாம் வகுப்பு முடித்திருக்கிறாள். கரும்பலகையில் இருப்பதை அச்சு மாதிரி பார்த்து எழுதுகிறாள், ஆனால் ஒரு சொல்லும் வாசிக்கத் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் வந்த இன்னொரு பையன் தமிழை மளமளவென்று பேசுவான். அவனைத்தான் மொழிபெயர்க்க உட்கார வைத்திருக்கிறேன். அவனும் பாடத்தில் பின்தங்குகிறான். அவளை ஒன்றாம் வகுப்பில் உட்கார வைக்கலாமா? வீட்டில் தமிழ் பேசச் சொல்லலாமா? ஏதாவது குறைபாடு இருக்குமோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

கடைசிப் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். புதிய மொழிக்குள் வந்து விழுந்த குழந்தை சில வாரங்களிலிருந்து ஆறு மாதம்வரை பேசாமல் இருப்பது வழக்கமானதுதான். மொழி கற்பித்தலில் இதை மௌனக் காலம் என்பார்கள். அந்த நாட்களில் அவள் சும்மா இருப்பதில்லை. கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனாலும் மூன்றைச் சரிபார்த்துவிடுங்கள். ஒன்று, வீட்டில் தன் மொழியில் சரளமாகப் பேசுகிறாளா என்று அம்மாவிடம் கேளுங்கள். இரண்டு, அவள் பார்க்காதபோது பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறாளா? மூன்று, விளையாட்டு நேரத்தில் மற்ற பீகார் பிள்ளைகளோடு பேசுகிறாளா? மூன்றுக்கும் ஆம் என்றால் குறைபாடு பற்றிக் கவலைப்பட வேண்டாம். வீட்டிலும் பேச்சு குறைவு, அல்லது காதில் சந்தேகம் என்றால் பள்ளிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். அவர்கள் வரும்வரை காத்திருக்காமல் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு அனுப்புவது இன்னும் நல்லது.

ஒன்றாம் வகுப்புக்கு இறக்க வேண்டாம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 4ஆம் பிரிவில், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துத் தனிப்பயிற்சி தருவதைத்தான் வழியாகச் சொல்கிறது. சட்டத்தை விடுங்கள். அவளுக்குத் தெரியாதது தமிழ் மட்டுமே. கணக்கில் வெறும் எண்களால் பத்துக் கூட்டல், பத்துக் கழித்தல் எழுதிக் கொடுத்துப் பாருங்கள். 14 + 5, 18 − 6 போல. போட்டுவிட்டால் அவள் இரண்டாம் வகுப்புப் பிள்ளைதான் என்பதற்கு உங்கள் கையிலேயே சான்று இருக்கும். தலைமையாசிரியரிடம் காட்டவும் உதவும்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். பார்த்து எழுதுகிறாள், வாசிக்கத் தெரியவில்லை என்கிறீர்கள். தொடக்க வகுப்புகளுக்கான அரசின் எண்ணும் எழுத்தும் திட்டப்படி அவளை அரும்பு என்ற முதல் நிலையில் வைத்து எழுத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அரும்பு நிலையில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைக்கு எழுத்துதான் தெரியாது. ‘பட்டம்’ என்ற சொல் அதன் காதில் ஏற்கெனவே இருக்கிறது. ப, ட், ட, ம் என்று கூட்டியதும் அந்தச் சொல் எழுந்து வருகிறது. இவள் எழுத்துக் கூட்டி முடித்தாலும் எழுந்து வர அங்கே சொல் இல்லை. எவ்வளவு கூட்டினாலும் வெறும் ஓசைதான். அதனால் எழுத்துக்கு முன்னால் சொல்லைக் காதில் போட வேண்டும். அவளுக்கு வேண்டிய வைத்தியம் இதுதான். மற்றதெல்லாம் இதைச் செய்யும் வழிகள்.

தினமும் 15 நிமிடம் போதும். நாலு பேரோடு முழு வகுப்பும் சேர்ந்தே செய்யலாம். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் உருவாக்கிய முறை இது: சொல்வதைக் கேட்டு உடம்பால் செய்வது, பேசச் சொல்லிக் கட்டாயப்படுத்தாமல் இருப்பது. முதல் நாள் எழுந்திரு, உட்காரு, வா, தொடு, எடு என்று ஐந்தே சொற்கள். நீங்கள் சொல்லிக்கொண்டே செய்யுங்கள், பிள்ளைகளும் செய்யட்டும். மூன்று நான்கு தடவைக்குப் பிறகு சொல்லுங்கள், ஆனால் நீங்கள் செய்யாதீர்கள். பிறகு வரிசையை மாற்றுங்கள். மறுநாள் பழைய ஐந்தோடு கதவு, பை, புத்தகம் சேரும்: “கதவைத் தொடு”, “பையை எடு”. ஒரு நாளைக்கு ஐந்தாறு புதுச் சொற்களுக்கு மேல் வேண்டாம். நிறங்களுக்குக் கம்பெனி வேஸ்ட் துணித் துண்டுகளைப் பெற்றோரிடமே கேட்டு வாங்குங்கள். “சிவப்புத் துணிய எடு, மேசை மேல வை” என்றால் நிறம், வினை, இடம் மூன்றும் ஒரே மூச்சில் போய்ச் சேரும்.

இங்கே ஒரு ஏமாற்றம் இருக்கிறது. பக்கத்துப் பிள்ளை எழுந்தால் அவளும் எழுவாள், புரிந்ததென்று நாம் நினைத்துக்கொள்வோம். வாரம் ஒரு தடவை அவளையும் இன்னும் இரண்டு பேரையும் மட்டும் முன்னால் அழைத்து, முதல் உத்தரவை அவளிடம் தாருங்கள். அப்போதுதான் உண்மை தெரியும். மற்ற நாட்களில் அவளை முதல் வரிசையில் வைக்காதீர்கள். மற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அவள் கண்ணில் படும் நடு இடத்தில் இருக்கட்டும்.

கேள்வி கேட்பதிலும் ஒரு படிவரிசை உண்டு. முதலில் “பட்டம் எங்கே?” என்று கேளுங்கள், விரலால் காட்டினால் போதும். அடுத்து “இது பட்டமா?” என்பதற்குத் தலையசைப்பு. அடுத்து “இது பட்டமா, பம்பரமா?” என்றால் விடை கேள்வியிலேயே இருக்கிறது, ஒரு சொல்லைத் திருப்பிச் சொன்னால் போதும். அதற்குப் பிறகே “இது என்ன?” வரவேண்டும். “ஏன்?” வெகு தூரத்தில். நாம் பெரும்பாலும் முதல் நாளே நான்காம் படியில் நின்று, அதுவும் 26 பேர் முன்னால், “இது என்ன, சொல்லு, சொல்லு” என்று கேட்டுவிடுகிறோம். குழந்தை வாயை மூடிக்கொள்வது அங்கேதான். கேட்டபின் மனத்துக்குள் பத்துவரை எண்ணுங்கள். அந்தப் பத்து நொடி நமக்குத்தான் நீளம், சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும் அவளுக்கு அது தேவை.

இரண்டாம் படியில் “ஆம்” என்று சொல்லித்தராமல் “ஆமா” என்றே சொல்லுங்கள். இந்தியில் ‘ஆம்’ என்றால் மாம்பழம். ‘மோர்’ என்றால் மயில். ‘கல்’ என்றால் நேற்று, நாளை இரண்டுக்கும் அதுவே. படத்தையோ பொருளையோ காட்டாமல் இந்தச் சொற்களைச் சொன்னால் அவள் மனத்தில் வேறு உருவம் எழும். இதற்கு எதிர்ப்பக்கம், அவளுக்கு ஏற்கெனவே பாதி தெரிந்த சொற்களும் உண்டு: அலமாரி, சாவி, மேசை, புத்தகம், தினம், சூரியன், காலி, மாமா. அலமாரியும் சாவியும் போர்ச்சுக்கீசியர் வழியாக இரு மொழிக்கும் வந்தவை. முதல் வாரத்தில் இவற்றிலிருந்தே தொடங்கினால் “இது எனக்குத் தெரியும்” என்ற முகத்தை நீங்கள் பார்ப்பீர்கள்.

பாடத்துக்கு வெளியே அவசரத்துக்கென்று சில வாக்கியங்கள் அவளிடம் இருந்தே ஆகவேண்டும். “தண்ணி குடிக்கணும்.” “பாத்ரூம் போகணும்.” “வயிறு வலிக்குது.” “புரியல.” “இன்னொரு தடவ சொல்லுங்க.” “பென்சில் இல்ல.” “அவன் அடிச்சான்.” ஒவ்வொன்றுக்கும் ஒரு சைகை வைத்துக்கொள்ளுங்கள். நாளுக்கு இரண்டாகப் பழக்கினால் ஒரே வாரம். பேசாத நாட்களில் சைகை மட்டும் செய்தாலும் அனுப்பிவிடுங்கள், “சொன்னால்தான் விடுவேன்” வேண்டாம். கழிப்பறைக்குக் கேட்கத் தெரியாமல் உடையை நனைத்துக்கொண்ட குழந்தைக்கு அந்த வகுப்பறை பிறகு எளிதில் பழகாது.

பேச்சில் எந்தத் தமிழ்? முதல் இரண்டு மூன்று மாதங்களுக்குப் பேச்சுத் தமிழ் மட்டும். ஊர்ப் பிள்ளைகளுக்கு ‘இருக்கு’ தெரியும், அதன் மேல் ‘இருக்கிறது’ ஏறிக்கொள்ளும். இவளுக்குக் கீழே எதுவும் இல்லை. ‘போயிட்டான்’ விளையாட்டிலும் ‘போய்விட்டான்’ புத்தகத்திலும் வந்தால் இரண்டையும் வேறு வேறு சொல்லாக நினைப்பாள். கதை வாசிக்கும்போது அச்சில் உள்ள வரியை வாசியுங்கள், உடனே அதையே பேச்சில் சொல்லுங்கள், சைகை செய்யுங்கள். பாலம் அப்படித்தான் மெல்லக் கட்டப்படும்.

அவள் பேசத் தொடங்கும்போது வரப்போகிற பிழைகளை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், அவற்றில் சில உங்களைக் காயப்படுத்தக்கூடும் என்பதால். “டீச்சர், நீ வா” என்பாள். மைதானத்தில் அவள் காதில் விழுவது “வாடா, போடா, நீ வா” தான். மரியாதைக் குறைவு அதில் துளியும் இல்லை. “டீச்சர் வந்துச்சு” என்பாள், ஆளுக்கும் பொருளுக்கும் அவள் மொழியில் ஒரே சுட்டுச்சொல் போதும் என்பதால். “இது புத்தகம் இருக்கு” என்பாள், அங்கே வாக்கியத்தை முடிக்க ‘ஹை’ போன்ற ஒரு சொல் தேவை, தமிழில் தேவையில்லை. நாம, நாங்க இரண்டும் நெடுநாள் குழம்பும். எதையும் நிறுத்தித் திருத்தாதீர்கள். “ஆமா, டீச்சர் வந்துட்டாங்க” என்று சரியான வடிவத்தில் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள். ‘வாங்க, குடுங்க, சொல்லுங்க’ மூன்றையும் மட்டும் பாட்டு மாதிரி தனியாகப் பழக்குங்கள்.

நம்பிக்கை தரும் செய்தியும் இதே இடத்தில் இருக்கிறது. வாக்கிய அமைப்பில் அவளுடைய மொழி தமிழுக்கு மிகப் பக்கம். வினை கடைசியில் வரும். மேல, கீழ, கிட்ட எல்லாம் பெயருக்குப் பின்னால் வரும். ‘எனக்குப் பசிக்குது’ என்பதை இந்தியிலும் ‘முஜே’, அதாவது ‘எனக்கு’ என்றுதான் தொடங்குவார்கள். ஆங்கிலம் கற்கும் நம் பிள்ளைகளுக்கு இந்த வசதி கிடையாது. சொற்கள் சேரச் சேர அவள் வேகமெடுப்பாள்.

எழுத்துக்கு எப்போது போகலாம்? என் கணக்கு, 80 முதல் 100 சொற்களைக் கேட்டுப் புரிந்துகொண்ட பிறகு. திட்டத்தின் பயிற்சித்தாள்களை அதுவரை நிறுத்திவைக்க முடியாது என்பது தெரியும். அப்படியென்றால் அவளுக்குக் கேட்டுத் தெரிந்த சொற்களில் உள்ள எழுத்துகளை மட்டும் எடுங்கள். ப, ட, ம, ர நான்கும் புள்ளியும் இருந்தால் படம், பட்டம், மரம், பம்பரம் கிடைத்துவிடும். நான்குமே படமாகக் காட்டக்கூடியவை.

புள்ளியில்தான் அவள் முதலில் தடுக்குவாள். காரணம் அவள் ஊரில் கற்ற இந்தி. இந்தியில் சொல்லின் கடைசி எழுத்தில் உள்ள அகரத்தை உச்சரிப்பதில்லை. ‘ரம’ என்று இருந்தால் ‘ரம்’ என்று வாசிப்பார்கள், புள்ளி தேவையில்லை. அதனால் அவள் ‘படம்’ என்பதைப் ‘படம’ என்று எழுதுவாள், ‘பல’ என்பதைப் ‘பல்’ என்று வாசிப்பாள். கவனக்குறைவு என்று நினைத்துப் பத்துத் தடவை எழுதவைப்பார்கள், பயன் இருக்காது. கைதட்டல் உதவும்: ‘ம’ வந்தால் ஒரு தட்டு, ‘ம்’ வந்தால் உதட்டை மூடி, கையையும் மூடி வைப்பது. ‘மர’, ‘மரம்’ இரண்டையும் மாற்றி மாற்றித் தட்டினால் ஒரு வாரத்தில் காது பிடித்துக்கொள்ளும்.

அடுத்தது க, ச, ட, த, ப. அவள் கற்ற எழுத்தில் ‘காகம்’ என்ற சொல்லின் இரண்டு ககரத்துக்கும் இரண்டு தனி எழுத்துகள். தமிழில் ஒன்றே. விதியைச் சொல்லிக்கொடுக்க வேண்டாம், ஏழு வயதுக்கு அது சுமை. ஆனால் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்: சொல்லின் தொடக்கத்திலும் இரட்டிக்கும்போதும் வல்லோசை (கல், பக்கம்), மெல்லெழுத்துக்குப் பின்னும் உயிருக்கு நடுவிலும் மெலிந்த ஓசை (தங்கம், பகல்). இந்த நான்கு இடத்துக்கும் ஒவ்வொரு சொல்லைச் சுவரில் ஒட்டி, முழுச் சொல்லாக வாசிக்க வையுங்கள். தம்பி, தங்கம், வண்டி, மஞ்சள் என்று மெல்லினம் சேர்ந்த சொற்களை ஒரு தொகுப்பாகவே பழக்கலாம்.

உயிர்க்குறிகளில் எ, ஏ வேறுபாடும் ஒ, ஓ வேறுபாடும் அவள் காதில் விழவே விழாது. இந்த இரண்டிலும் இந்தியில் நெடில் மட்டுமே உண்டு. தொடு, தோடு, கொடு, கோடு, எரி, ஏரி. இவற்றை எழுதவைக்கும் முன் கேட்டுப் படத்தைத் தொடவையுங்கள். அ, ஆ வேறுபாட்டில் சிக்கல் இருக்காது, படம், பாடம் உடனே வந்துவிடும். கொ, கோ போன்றவற்றில் குறி இரு பக்கமும் நிற்பது அவளுக்குப் புதிது. முழு உருவமாகவே காட்டுங்கள், பிரித்துக் காட்டினால் முன்னால் நிற்கும் கொம்பை முந்தைய எழுத்தோடு சேர்த்துவிடுவாள்.

ல, ள வேறுபாட்டுக்குப் பல்லி, பள்ளி படங்கள் போதும், அதுவும் இரண்டாம் பருவத்தில். ந சொல்லின் முதலிலும் தகரத்துக்கு முன்னும், ன மற்ற இடங்களில் என்று கண்ணுக்குப் பழக்கினால் போதுமானது. ழகரத்தை இந்த வருடம் தொடவே வேண்டாம். தமிழ் வீட்டுப் பிள்ளைகளிலேயே பலர் இந்த வயதில் ‘பளம்’ என்கிறார்கள்.

அந்தப் பையனைப் பற்றி. வரிக்கு வரி மொழிபெயர்ப்பதை உடனே நிறுத்துங்கள். அவன் சொல்வான் என்று தெரிந்தால் உங்கள் தமிழை அவள் கேட்கவே மாட்டாள். அவனோ தன் பாடத்தை இழந்துகொண்டிருக்கிறான். பயம், வலி, வீட்டுச் செய்தி ஆகியவற்றுக்கு மட்டும் அவனைக் கூப்பிடுங்கள். அவள் பக்கத்தில் தமிழ் பேசும் ஒரு பிள்ளையை உட்கார வையுங்கள். வகுப்பின் முதல் மாணவி வேண்டாம், வாயாடியும் இரக்கமுள்ளவளுமான ஒருத்தி. இரண்டு மூன்று வாரம் அதே துணை நீடிக்கட்டும்.

அவன் மளமளவென்று பேசுகிறான், பாடத்தில் பின்தங்குகிறான் என்பதில் முரண் இல்லை. கனடாவில் குடியேறியவர்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ், அன்றாடப் பேச்சு ஓரிரு ஆண்டில் வந்துவிடும், பாட மொழி வர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும் என்று காட்டினார். பேச்சைக் கேட்டு நாம் ஏமாந்து உதவியை நிறுத்திவிடுகிறோம். அவனுக்கு இப்போது தேவை ‘ஆனால், அதனால், முன்பு, மீதி, ஒவ்வொரு’ போன்ற பாடச் சொற்கள். கணக்கில் “மீதி எத்தனை?” என்ற கேள்வியில் அவன் தவறினால் கழித்தல் தெரியாததாலா, மீதி என்ற சொல் தெரியாததாலா என்று பிரித்துப் பாருங்கள். பத்து மணிகளை வைத்து நடித்துக் காட்டினால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

வீட்டில் தமிழ் பேசச் சொல்லலாமா? கூடாது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை. பெற்றோருக்குத் தெரிந்த தமிழ் வேலையிடத்துத் தமிழ், நாற்பது ஐம்பது சொற்கள். அதைக் கொடுக்கச் சொல்லி, அவர்கள் கதையும் பாட்டும் கோபமும் கொஞ்சலுமாகத் தரக்கூடிய முழு மொழியைப் பறித்துவிடுவோம். மழை ஏன் பெய்கிறது என்று அம்மா தன் மொழியில் விளக்கியிருந்தால் நீங்கள் தர வேண்டியது ‘மழை’ என்ற சொல் மட்டும். பொருளே தெரியாவிட்டால் இரண்டையும் தமிழில் தரவேண்டியிருக்கும்.

அந்த மொழி இந்தி என்றே எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த மாவட்டம் என்று கேளுங்கள். சிவான், சாரண் பக்கம் என்றால் போஜ்புரி, கயா, நாளந்தா என்றால் மகஹி, தர்பங்கா, மதுபனி என்றால் மைதிலி. இந்தி அவளுக்குப் பள்ளியில் வந்த இரண்டாவது மொழியாக இருக்கலாம், தமிழ் மூன்றாவது. கைப்பேசியில் இந்திக்கு மொழிபெயர்த்துக் காட்டியும் அவள் விழிப்பதற்கு அது காரணமாகலாம். பெற்றோரிடம் பேச அந்தச் செயலி உதவும். சிறு வாக்கியங்களாகச் சொல்லுங்கள், எழுத்தை விடக் குரல்பதிவாக அனுப்புங்கள். ஷிஃப்ட் முடிந்து இரவில் கேட்டுக்கொள்வார்கள். நேரில் பார்க்க ஞாயிறு மட்டுமே அவர்களுக்கு முடியும்.

அவள் பெயரை அம்மா சொல்வதுபோலச் சொல்லப் பழகுங்கள். அம்மாவைப் பேசச்சொல்லிப் பதிவு செய்து நாலு தடவை கேட்டால் வந்துவிடும். வாரத்தில் ஒரு நாள் அந்த நான்கு பிள்ளைகளும் வகுப்புக்குத் தங்கள் மொழியில் ஐந்து சொற்கள் கற்றுத்தரட்டும். மற்ற 22 பேரும் தடுமாறுவதை அவள் பார்க்க வேண்டும், தடுமாறுவது வெட்கமில்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

தீபாவளி வரப்போகிறது. அதன் ஆறாம் நாள் அவர்களுக்குச் சூரியனை வணங்கும் சட் பூஜை, ஊருக்குப் போனால் ஒரு மாதம் ஆகிவிடக்கூடும். எப்போது திரும்புவார்கள் என்று இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள், பெயரைப் பதிவேட்டிலிருந்து நீக்கிவிடாதீர்கள். போகும்போது இருபது படங்களைக் கொடுத்து, அவற்றின் பெயர்களை உங்கள் குரலில் பதிவு செய்து அப்பாவின் கைப்பேசிக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும் பேச்சு நின்றதுபோலத் தெரியும். புதுப் பாடத்துக்கு இழுக்காமல் இரண்டு வாரம் பழைய உத்தரவு விளையாட்டையே திரும்ப ஆடுங்கள்.